பள்ளிச்சந்தத்தை மறந்த தமிழர்

இராசபாளையத்துக்குத் தெற்கே, மேற்குமலையின் அடியில், தேவதானம் என்றோர் ஊர் உண்டு. கோயிலுக்கு இறையிலியாக விடப்பட்ட நிலம் தேவதானம். பார்ப்பனர்க்கு விடப்பட்டது பிரமதேயம். இவ்விரண்டும் வடசொற்கள். சமணப் பள்ளிக்கு விடப்பட்ட நிலத்துக்கோ பள்ளிச்சந்தம் என்று பெயர். அச்சொல்லின் பொருளறிந்த தமிழர் இன்று எத்தனை பேர்? ஆயினும், அதன் முதலில் நிற்கும் 'பள்ளி'க்குத்தான் தமிழ்ப்பிள்ளைகள் நாள்தோறும் செல்கின்றனர்!

தேவதானத்துக்குத் தென்கிழக்கே கழுகுமலை உள்ளது. அதன் பாறையில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பெற்றன. அவற்றின் கீழே ஏறத்தாழ நூறு வட்டெழுத்துப் பொறிப்புகள். அவை வேந்தரின் போர்ப்புகழைப் பாடவில்லை. உருவம் செய்வித்தவர் பெயரையும் ஊரையுமே சொல்கின்றன. தச்சரும் குயவரும் உழவரும் அங்கே பெயர் பெற்றுள்ளனர். குரத்தியர் எனப்பட்ட பெண்ணாசிரியரும் அவர்தம் மாணாக்கரும் உளர். பெண்ணுக்கு ஓத்துரிமை இல்லை என்று ஒரு நெறி முழங்கிய நாட்டில், பெண்ணை ஆசிரியராகவே ஏற்ற நெறியொன்றும் வாழ்ந்தது என்பதற்கு அப்பாறையே சான்று.

இத்தகைய இடங்களைத் தமிழ்நாட்டு மக்கள் அழைக்கும் பெயர் யாது? 'பஞ்சபாண்டவர் படுக்கை'! மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் கி.மு. காலத்துத் தமிழி எழுத்தோடு கூடிய கற்படுக்கைகள் பல, வடநாட்டுக் கதைமாந்தர்க்கு உடைமையாகிவிட்டன. பெயர் பறிபோனபின் கல்லும் பறிபோவது அரிதன்று. உளிக்கும் வெடிக்கும் இரையான குன்றுகளே அதனைச் சொல்லும்.

நன்னூல் தந்த பவணந்தி சமணர். சூடாமணி தொகுத்தவரும் சமணர். சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதர், அதன் சமயப்பொருளைக் குடந்தைச் சமணரிடமே கேட்டுத் தெளிந்தார். (சீபுராணம் போன்ற மணிப்பவழக் கலப்பு நூல்களும் அவர்களிடையே எழுந்தன. அக்குற்றத்தை மறைக்க வேண்டுவதில்லை. வைணவ உரைகளும் அதற்குக் குறைந்தவை அல்ல.) இத்துணைக்கும் தமிழர் தந்த கைம்மாறு, கழுவேற்றக் கதையைக் கோயிற் சுவரில் ஓவியமாகத் தீட்டி வைத்ததே. ஆவுடையார்கோயிலில் அதனை இன்றுங் காணலாம். அக்கதை நடந்ததோ புனைந்ததோ, அதனைக் கண்டு மகிழ்ந்த நெஞ்சம் தமிழ்நெஞ்சமன்று.

இவையெல்லாம் பழங்கதை என்று கருதற்க. நயினார் எனப்படும் தமிழ்ச்சமணர் விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் மாவட்டச் சிற்றூர்களில் இன்றும் வாழ்கின்றனர். செஞ்சிக்கருகே மேல்சித்தாமூரில் அவர்தம் மடம் உள்ளது. அவருட் பெரும்பாலோர் வழிவழி உழவர், பொழுது சாய்ந்தபின் உண்ணார், வீட்டுமொழி தமிழ். ஆனால் 'சமணர்' என்றவுடன் நகரத்தார் கண்முன் தோன்றுவது வடநாட்டு அடகுக்கடையே! தனித்தமிழ் அன்பருள்ளும் சிலர், 'வடவர் சமயம்' என்று ஒரே சொல்லில் இவர்களைத் தள்ளிவிடுகின்றனர். ஈராயிரம் ஆண்டு இம்மண்ணில் உழுதவரை அயலார் என்பது எவ்வகை நேர்மை?

2011 மக்கள்தொகைக் கணக்கு, தமிழ்நாட்டில் 89,265 சமணர் உளர் என்றது. அதில் வணிகத்துக்கு வந்த வடவரும் மண்ணின் நயினாரும் ஒன்றாய்க் கலந்துள்ளனர். 2014-இல் நடுவணரசு வழங்கிய சிறுபான்மை உரிமையும் இருவர்க்கும் பொதுவே. உரிமை பொதுவாயிருப்பதில் குறையில்லை. ஆனால் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட சமணர் எத்துணையர் என்பதைத் தனியே எண்ணி வெளியிடுமாறு தமிழ்நாட்டரசு கேட்டுப் பெறல் வேண்டும். கழுகுமலைப் பொறிப்புகளிலுள்ள தச்சன் பெயரையும் குரத்தி பெயரையும் அவ்வட்டாரப் பள்ளிப் பாடநூலில் ஏற்றுவதற்கோ எவர் இசைவும் தேவையில்லை.