அடுத்த வீட்டு ஓடுதளம்

டெல்லியும் கொல்கத்தாவும் பக்கத்தில் இருக்க, வங்கதேசம் சரக்கு விமான வசதிக்குத் தனியாகச் செலவழிப்பது வீண் என்கிறார் ஒரு கட்டுரையாளர். லாரி வாடகையையும் சேர்த்துப் பார்த்தாலும் டெல்லி வழி மலிவாக இருந்தது உண்மை. ஆனால் வங்கதேச ஏற்றுமதிச் சரக்கு தன் வழியாக மற்ற நாடுகளுக்குப் போக 2020 ஜூனில் தந்த அனுமதியை 2025 ஏப்ரல் 8 அன்று ஒரே சுற்றறிக்கையில் இந்தியா திரும்பப் பெற்றதை அவர் எப்படி மறந்தார்? தன் விமான நிலையங்களில் நெரிசல் என்றது இந்தியா. இடம் போதாதபோது எந்த நாடும் தன் சரக்கைத்தான் முதலில் ஏற்றும்.

விமானத்தில் போகும் ஆயத்த ஆடை ஏற்கெனவே கெடு நெருங்கிய சரக்கு. பருவம் தவறினால் வாங்குபவர் விலையைக் குறைப்பார், அல்லது வேண்டாம் என்பார். அந்த அடி தையல் தொழிலாளியின் கூலிவரை இறங்கும். கட்டுரையாளரின் கணக்கில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அதே ஏப்ரல் 27 அன்று வங்கதேசத்தின் சில்ஹெட்டிலிருந்தே சுமார் 60 டன் ஆடையுடன் சரக்கு விமானம் ஸ்பெயினுக்குப் பறந்தது. பத்தொன்பது நாளில் முடிந்த வேலை! ஐந்தாண்டுகளாக ஏன் செய்யவில்லை என்பதே என் ஆத்திரம். டாக்கா விமான நிலையத்தின் மூன்றாம் முனையமோ, 2023 அக்டோபரில் திறப்பு விழா கண்டும் அன்றுவரை இயங்கவே இல்லை. கேள்வியை அங்கே கேளுங்கள்.