துலாக்கோலும் நேசமும்

பிரித்தானியத் தடகள வீரருள் தலைசிறந்தவர் யார்? இவ்வினா எழுந்தால், நம் உள்ளம் சோமாலிய மண்ணில் பிறந்த மோ ஃபராவையே நாடும். சிறுவயதில் வேறொருவன் பெயரில் பிரித்தானியாவுக்குக் கடத்தி வரப்பட்டதை 2022இல் வெளிப்படுத்திய அவர், நம் சமயத்தவர். 2012 இலண்டனிலும் 2016 ரியோவிலும் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களில் நான்கு தங்கம் வென்றவர். ரியோவில் 10,000 மீட்டர் ஓட்டத்தினிடையே வீழ்ந்தும் எழுந்து முந்தியவர்.

ஆயினும், உறவு நோக்கி உரைப்பது தீர்ப்பாகாது. 1980 மாஸ்கோவிலும் 1984 லாஸ் ஏஞ்சல்ஸிலும் டெக்கத்லானில் தங்கம் வென்றவர் டேலி தாம்சன். ஓட்டம், தாண்டல், எறிதல் என இரண்டே நாளில் பத்துப் போட்டிகள்! விரைவோட்டத்திற்கு வேண்டும் உடல் வேறு; குண்டெறியும் தோள் வேறு. இரண்டையும் ஓருடலில் வளர்த்தவர்க்கே முதலிடம் என்போம். ஃபராவை நேசிப்போம், துலாக்கோலை நேசத்தின் கையில் கொடோம். மாணவர்க்கு நாம் கற்பிக்கும் நடுவுநிலைமை நம்மிடமே தொடங்கட்டும்.