எல்லைக்கு இப்பாலும் அப்பாலும்

குமுளியிலும் வாளையாறிலும் வாழ்வோருக்கு ஒரு வசதி உண்டு. ஒரே செய்தியை இரண்டு மொழிகளில் படிக்கலாம். இரண்டு விதமாகவும் படிக்கலாம். 2023 ஏப்ரலில் மலையாள நாளிதழ்களின் முதற்பக்கத்தில் இருந்த அரிக்கொம்பன், மே மாதக் கடைசியில் தமிழ் நாளிதழ்களின் முதற்பக்கத்துக்கு மாறினான். விளம்பரச் செலவு ஏதுமின்றி இரு மாநிலங்களிலும் இவ்வளவு புகழ் ஈட்டிய வேறொரு பிரமுகரை நான் அறியேன்.

மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி. இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் கடைச் சுவர்களை இடித்து அரிசி உண்பதால் அந்தக் காட்டு யானைக்கு இப்பெயர் வந்தது. பன்னியாறு ரேஷன் கடை அவனுக்கு மிகவும் பிடித்தமானது. குடும்ப அட்டை இல்லை, விரல்ரேகைப் பதிவு இல்லை. ஆயினும் தன் பங்கைத் தானே எடுத்துக்கொண்டான். உயர் நீதிமன்றம் அவனைப் பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்கு அனுப்பலாம் என்றது. முதலமடை மக்கள் 'எங்களுக்கு வேண்டாம்' என்று கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆகவே ஏப்ரல் 29 அன்று பிடிபட்டவன், கழுத்தில் ரேடியோ பட்டையுடன் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டான். வங்கி வழக்கில் சொன்னால் கே.ஒய்.சி. முடிந்தது, புதிய முகவரியும் பதிவாயிற்று. வாடிக்கையாளர்தான் அந்த முகவரியை ஏற்கவில்லை.

மே 27 காலையில் அவன் கம்பம் நகரத் தெருக்களில் நடந்தான். 144 தடை உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. கூட்டம் கூடாதே என்ற அவ்வுத்தரவை ஒழுங்காகப் பின்பற்றியவன், தனியாகவே நடந்த அவன் மட்டுந்தான். வேடிக்கை பார்க்கக் கூடியவர்களும் கைப்பேசியில் படம் பிடித்தவர்களும் பின்பற்றவில்லை. அன்று காயமுற்ற ஒருவர் பின்னர் உயிரிழந்தார் என்னும் செய்தி வந்தபோது நகைச்சுவை அங்கேயே நின்றுபோயிற்று. ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை அவனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுசென்றது. செப்டம்பரில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் தலைகாட்டினான்.

இடமாற்றம் ஒரு தீர்வு என்று நம்புவதில் அரசுத் துறைகளுக்கும் வங்கிகளுக்கும் ஒற்றுமை உண்டு. ஒரு கிளையின் தலைவலி மாற்றல் உத்தரவுடன் அடுத்த கிளைக்குப் போய்ச் சேரும், தலைவலி குறைவதில்லை. சின்னக்கானலில் 301 காலனி என்றோர் இடம் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் நிலமற்ற பழங்குடிக் குடும்பங்களை யானைகள் நடமாடும் தடத்திலேயே குடியமர்த்தினார்கள். பட்டா கொடுத்தவர்கள் யானைகளிடம் தடையின்மைச் சான்று பெறவில்லை போலும். அரிக்கொம்பன் போய்விட்டான், பலாப்பழப் பிரியனான சக்கைக்கொம்பன் அங்கேயே இருக்கிறான். விடியுமுன் ஏலத்தோட்டத்துக்கு நடந்துபோகும் கூலித் தொழிலாளிக்குக் கொம்பனின் பெயர் எதுவானால் என்ன?

பாலக்காட்டிலும் ஒருவன் அகப்பட்டான். பி.டி.7 என்று குறிக்கப்பட்ட யானையைத் தோணி என்னும் ஊரருகே ஜனவரி 22 அன்று பிடித்தார்கள். வனத்துறை அமைச்சர் ஏ.கே. சசீந்திரன் அதற்கு அவ்வூர்ப் பெயரையே சூட்டினார். நாடு முழுவதும் அதைக் கிரிக்கெட் வீரர் பெயராகவே கொண்டாடியது. கிரிக்கெட் தோனி அவ்வாண்டு வலிக்கும் முழங்காலுடன் கோப்பையை வென்று, உடனே அறுவை சிகிச்சைக்குப் போனார். யானைத் தோணியின் உடலிலிருந்து கண்டெடுக்கப்பட்டவையோ துப்பாக்கிக் குண்டுத் துகள்கள். ஒரு கண்ணின் பார்வையும் போயிற்று. மருத்துவச் செய்திகளில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுவே.

இனி வாளையாறு. செப்டம்பர் 20 அன்று குலுக்கிய திருவோணம் பம்பர் லாட்டரியில் முதற்பரிசு 25 கோடி ரூபாய், வாளையாற்றில் விற்ற சீட்டுக்கு விழுந்தது. வாங்கியவர்கள் திருப்பூர் நண்பர்கள் நால்வர். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருப்பதால், நம் நாட்டின் அதிர்ஷ்டம் வாளையாற்றுச் சோதனைச் சாவடிக்கு அப்பால்தான் தொடங்குகிறது என்று கோவைப் பக்கத்து மக்கள் நம்புவதில் வியப்பில்லை. ஒரு சீட்டின் விலை 500 ரூபாய். விற்றவை 75 லட்சத்துக்கும் மேல்.

எங்களைப் போன்றோருக்குப் பரிசுத் தொகையைவிடக் கழித்தல் கணக்கே சுவையானது. 25 கோடியில் முகவர் தரகு பத்து விழுக்காடு போக 22.50 கோடி. முப்பது விழுக்காடு வரி போக 15.75 கோடி. நால்வரும் பங்கிட்டால் தலைக்கு நான்கு கோடிக்கும் சற்றுக் குறைவு. அதன்பின் மிகுவரியும் செஸ்ஸும் வரிசையில் நிற்கின்றன. அரசாங்கமும் சீட்டு வாங்காமலே பங்குதாரராகிவிடுகிறது.

2022ஆம் ஆண்டில் இதே பரிசை வென்றவர் திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர். மலேசியாவில் சமையற்காரராகப் போக வங்கியில் மூன்று லட்சம் கடன் கேட்டிருந்தார். கடன் கிடைக்கும் நேரத்தில் பரிசு விழுந்தது, 'வேண்டாம்' என்றுவிட்டார். விண்ணப்பித்தவரே கடனைத் திருப்பியடிப்பது எங்கள் தொழிலில் காணக்கிடைக்காத காட்சி. சில நாட்களில், உதவி கேட்டு வருவோர் தொல்லையால் வீட்டில் இருக்க முடியவில்லை, முதற்பரிசு விழாமலிருந்திருக்கலாம் என்று வருந்தினார். இதன்பின் கேரள லாட்டரித் துறை வெற்றியாளர்களுக்கு நிதி மேலாண்மைப் பயிற்சியே நடத்தத் தொடங்கியது.

இதில் சிரிக்கவியலாத பகுதி ஒன்று உண்டு. வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்ததாக வாட்ஸ்அப்பில் செய்தி வரும். '25 லட்சம் பரிசு. வரியாகப் பதினெட்டாயிரம் முன்கூட்டிச் செலுத்துக' என்னும். அதை நம்பி, சேமிப்பை மாற்றிவிட வேண்டுமென்று கவுண்டருக்கு வருவோர் உண்டு. நாங்கள் தடுத்தால் கோபிப்பார்கள். பரிசுக்குரிய வரியைக் கொடுப்பவரே பிடித்துக்கொள்வார். பெறுபவரிடம் முன்பணம் கேட்க மாட்டார். பணம் போய்விட்டால் தயங்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு. வெட்கப்பட்டு நான்கு நாள் கழித்துச் சொன்னால் பெரும்பாலும் இல்லை.

லாட்டரிச் சீட்டு வாங்காமலே லாட்டரி ஆடுவோர் ஏலக்காய் விவசாயிகள். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. பாயசத்தில் ஏலக்காய் போட நகைக்கடைத் தராசு வேண்டுமோ என்று வீடுகளில் பேசிக்கொண்டார்கள். மூன்றாண்டுகளுக்குள் விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. விலை இறங்கியது, உச்ச விலையை நம்பிப் பேசிய குத்தகையும் வாங்கிய கடனின் தவணையும் இறங்கவில்லை. போடிநாயக்கனூர்க் கிடங்குகளிலும் உடும்பன்சோலை வீடுகளிலும் 'மறுபடியும் ஏழாயிரம் வரும்' என்று காத்திருந்த மூட்டைகளுக்கு நிறம் மங்கியது. பச்சை நிறம் போன ஏலக்காய்க்கு என்ன விலை என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விளையாட்டுச் செய்தி ஒன்று பாக்கி. பாலக்காட்டு நீளந்தாண்டும் வீரர் முரளி ஸ்ரீசங்கர், அக்டோபர் 1 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 8.19 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். தங்கம் பெற்ற சீனர் தாண்டியது 8.22. இடையே மூன்று சென்டிமீட்டர். நல்ல ஏலக்காய் இரண்டை நீளவாட்டில் வைத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். 2022இல் பர்மிங்ஹாமிலோ தங்கம் வென்றவரும் இவரும் 8.08 என்று சமமாகவே தாண்டினர். இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்த்து முடிவு செய்தார்கள். தந்தை மும்முறை தாண்டுபவர், தாய் 800 மீட்டர் ஓடியவர். குடும்பத்தில் எவரும் நடந்ததாகத் தெரியவில்லை. ஜூலையில் பாங்காக்கில் 8.37 தாண்டியதால் பாரிஸ் ஒலிம்பிக் தகுதி அப்போதே கைக்கு வந்திருந்தது.