கல்விக் கடன் யார் கடன்?

கடன் என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் தருவது. செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். வாங்கித் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். பெற்றோர்க்கு இன்னது கடன், வேந்தனுக்கு இன்னது கடன் என்று கழக இலக்கியக் காலத்திலேயே வகுத்துரைத்த இனம் நம் இனம். இளையோர்க்குக் கல்வி தருவது ஆள்வோர் கடன் என்பதை நமக்கு எவரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டுவதில்லை. இன்றோ, ஆள்வோர்தம் அக்கடன் பதினெட்டு அகவைப் பிள்ளையின் தலைமீதும் அவனைப் பெற்றவர் தலைமீதும் வட்டியொடு கூடிய கடனாக இறக்கி வைக்கப்பெற்றுள்ளது.

கல்விச் செலவை முற்றும் அரசே ஏற்றல் வேண்டும் என்பதே நம் கொள்கை. அதற்கான போராட்டம் நெடியது. அது முடியுமட்டும் நம் பிள்ளைகள் கல்லூரி வாயிலில் காத்திருக்க இயலாது. ஆடித் திங்கள் பிறக்குமுன் கட்டணம் கேட்டு நிற்பார்கள். ஆகலின், இன்றுள்ள ஏற்பாடுகளுள் எது கொடை, எது கடன் எனப் பிரித்தறிதல் தமிழ்ப் பெற்றோர்க்கு உடனடித் தேவையாகின்றது. அவ்வறிவைத் தடுத்து நிற்பது அவர்தம் எழுத்தறியாமை அன்று. அவர்க்குப் புரியாத மொழியில் நீட்டப்பெறும் தாள்களே.

'பையனுக்கு ஸ்காலர்ஷிப் வந்துவிட்டது' என்று சொல்பவரும், 'லோன் சாங்ஷன் ஆகிவிட்டது' என்று சொல்பவரும் ஒரே குரலில்தான் மகிழ்கின்றனர். முன்னது திருப்பித் தரவேண்டாத பொருள். பின்னது பதினைந்து ஆண்டுவரை நீளக்கூடிய பொறுப்பு. நல்கை என்ற சொல்லைக் கேட்ட தமிழன் எவனும் அதனைத் திருப்பித் தரவேண்டுமோ என்று கலங்கமாட்டான். கடன் என்ற சொல்லைக் கேட்டவன் எவனும் வட்டி எத்துணை என்று வினவாமல் விடமாட்டான். 'லோன்' என்னும் ஒலிக்கு அவ்வச்சமூட்டும் ஆற்றல் இல்லை. அஃது ஏதோ அரசு வழங்கும் பரிசுபோல் காதில் விழுகின்றது. அயற்சொல் கலப்பால் மொழி கெடுவதை மட்டுமே நாம் பேசி வருகின்றோம். வீடும் நிலமும் கெடுவதையும் பேசவேண்டிய காலம் இது.

முதலில் நல்கைகளைப் பார்ப்போம். தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்க்குப் பத்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை 1944ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. குடும்ப ஆண்டு வருவாய் இரண்டரை இலக்க உரூபாவுக்குள் இருத்தல் வேண்டும். 2020இல் எடுத்த முடிவின்படி அச்செலவில் 60 விழுக்காட்டை இந்திய அரசும் 40 விழுக்காட்டைத் தமிழ்நாட்டரசும் ஏற்கின்றன. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பிற் சேர்வோர்க்கு 2010–11 முதல் தமிழ்நாட்டரசு அளிப்பது கட்டண விலக்கு. ஆனால் அஃது ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் இடம் பெற்றவர்க்கே உரியது. கல்லூரி ஆட்சியாளர் ஒதுக்கீட்டில் பணங்கொடுத்து இடம் வாங்கியவர்க்கு இல்லை. இதனை அறியாது, 'எப்படியும் அரசு கட்டிவிடும்' என்று நம்பி ஆட்சியாளர் ஒதுக்கீட்டில் சேர்வோர் இரட்டை இழப்புக்கு உள்ளாகின்றனர். அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்திற்கும் 2021இல் பொறியியல் முதலிய படிப்புகட்கும் வந்தது. அவ்வொதுக்கீட்டில் இடம் பெற்றவர்க்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகின்றது. அண்மையாண்டுகளில் செய்யப்பெற்றவற்றுள் இதுவே உருப்படியான செயல் என்பேன்.

2022இல் வந்த 'புதுமைப் பெண்', 2024இல் வந்த 'தமிழ்ப் புதல்வன்' ஆகிய திட்டங்களின்படி அரசுப் பள்ளியிற் படித்து உயர்கல்விக்குச் செல்வோர் திங்கள்தோறும் 1000 உரூபா பெறுகின்றனர். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழிப் படித்தோர்க்கும் இது நீட்டிக்கப்பெற்றுள்ளது. தமிழ்வழிக்கு ஒரு பயன் சேர்த்தமை பாராட்டத்தக்கது. எனினும் இது பேருந்துக்கும் சுவடிக்கும் ஆகுமேயன்றிக் கல்லூரிக் கட்டணத்திற்கு ஆகாது.

இனிக் கடன். வங்கி எனப்படும் வைப்பகங்கள் தரும் கல்விக் கடனுக்கு 2001 முதல் ஒரு பொது முறைத்திட்டம் உண்டு. நான்கு இலக்க உரூபா வரையிலான கடனுக்கு நிலமோ வீடோ ஈடாகக் கேட்டல் கூடாது. ஆயினும் பெற்றோர் ஒருவர் இணைக் கடனாளியாக ஒப்பமிடல் வேண்டும். பலர் தம்மைச் சான்றாளர் என்றே எண்ணிக்கொண்டு ஒப்பமிடுகின்றனர். அவர் சான்றாளர் அல்லர், கடனாளி. பிள்ளைக்கு வேலை கிட்டாதபோது வைப்பகம் கதவைத் தட்டும் உரிமை அவ்வொப்பத்தால் வந்தது.

படிக்கும் காலமும் அதன்மேல் ஓராண்டும் தவணை கட்டவேண்டா. இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மாரட்டோரியம்'. தவணை நிறுத்தக் காலம் என்று தமிழில் எழுதியிருந்தால், நிற்பது தவணைதான், வட்டி அன்று என்பது சொல்லிலேயே விளங்கியிருக்கும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுத் தொடக்கந்தோறும் ஓர் இலக்கமாக நான்கு இலக்கம், 10 விழுக்காட்டுத் தனிவட்டிக்கு வாங்கியதாகக் கொள்வோம். ஐந்தாண்டு முடிவில் முதல் இலக்கத்திற்கு வட்டி 50,000, இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. ஆக 1,40,000. இது முதலொடு சேர, முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,40,000 ஆகிவிடும். பத்தாண்டில் அடைத்தால் திங்கள் தவணை ஏறத்தாழ 7,136. மொத்தம் 8,56,000க்கு மேல். மாறாகப் படிக்குங் காலத்திலேயே வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவந்தால் மொத்தம் 7,74,000 அளவில் முடியும். இடைவெளி 82,000 உரூபா. அவ்வாறு வட்டி கட்டுவோர்க்கு ஒரு விழுக்காடு வட்டி குறைக்கவும் அம்முறைத்திட்டம் இடந்தருகின்றது. இக்கணக்கைக் கடன் தரும்போதே தமிழிற் சொல்ல எத்துணை நேரம் ஆகும்?

நாலரை இலக்கத்திற்குட்பட்ட வருவாயுடைய குடும்பத்துப் பிள்ளைகட்கு, தொழிற்படிப்பாயின், தவணை நிறுத்தக் கால வட்டியை இந்திய அரசே ஏற்கும் திட்டம் 2009இல் வந்தது. மேற்சொன்ன 1,40,000 அதனால் நீங்கக்கூடும்; ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். 2024இல் இன்னொன்று வந்தது. அதன் பெயர் 'பிரதமர் வித்யாலட்சுமி'. ஒரு தமிழ்ச்சொல்லுக்கும் இடமில்லாத பெயர்! கல்வியையும் திருமகளையும் ஒட்டவைத்துப் பெயரிட்டனர். வந்து நிற்பவளோ வட்டிக்காரி. ஈடும் பிணையாளும் இன்றிக் கடன் என்பது உண்மைதான். ஆனால் தெரிவு செய்யப்பெற்ற (தொடக்கத்தில் 860) கல்வி நிறுவனங்களில் இடம் பெற்றவர்க்கே அது. எட்டு இலக்க வருவாய் வரையுள்ளவர்க்கு, பத்து இலக்கக் கடன்வரை, 3 விழுக்காட்டு வட்டியை அரசு ஏற்கும். அதுவும் தவணை நிறுத்தக் காலத்திற்கு மட்டும். இதனை '3 விழுக்காட்டு வட்டிக்குக் கடன்' என்று ஊரார் பிழைபடப் பேசிக்கொள்வது யார் குற்றம்? புரியும் மொழியிற் சொல்லாதவர் குற்றமே.

ரிசர்வ் வங்கி என்று அறியப்பெறும் இந்தியச் சேம வைப்பகம், தனியாட்கள் பெறும் கடன்களுக்கு, 2024 அக்தோபர் 1 முதல் ஒரு கட்டளையைச் செயற்படுத்தியுள்ளது. கடனின் முதன்மைக் கூறுகளையெல்லாம் தொகுத்த குறிப்பறிக்கை ஒன்றை ஒப்பந்தத்திற்கு முன்னரே தருதல் வேண்டும். 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்' என்பது வைப்பகத்தார் வழங்கும் பெயர். வட்டியும் பிற கட்டணங்களும் சேர்ந்து ஆண்டுக்கு உண்மையில் எத்துணை விழுக்காடு, எந்தத் தவணையில் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பன அதில் இருத்தல் வேண்டும். அதிற் குறிப்பிடாத கட்டணத்தைக் கடனாளியின் வெளிப்படையான இசைவின்றிப் பிடித்தல் கூடாது. படித்து எண்ணிப் பார்க்கக் குறைந்தது மூன்று வேலைநாள் தரவேண்டும். அவ்வறிக்கை கடன் பெறுவோர்க்குப் புரியும் மொழியில் எழுதப்பெறல் வேண்டும் என்பதும் அக்கட்டளையிலேயே உண்டு. நாம் தெருவில் நின்று கேட்டுவந்த உரிமையின் ஒரு துண்டு சட்டத்தாளில் ஏறியிருக்கின்றது, எடுத்தாள்வோர்தாம் இல்லை.

ஏன் இல்லை? வைப்பகக் கிளையில் அமர்ந்திருக்கும் தமிழ் அலுவலர்க்குத் தமிழிற் படிவம் தேடித் தருவது வீண்வேலையாகத் தோன்றுகின்றது. எதிரே அமர்ந்த தமிழர்க்கோ தமிழிற் கேட்டால் படிக்காதவர் என்று எண்ணிவிடுவாரோ என்னுங் கூச்சம். வடவரைக் குறை சொல்லுமுன், இவ்விரு தமிழர்க்கும் இடையிலுள்ள மேசையைப் பார்க்கவேண்டும்.

நம் இயக்க அன்பர்கள் ஊர்தோறும் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில், கடன் பெறச் செல்லும் பெற்றோரொடு ஒருவர் உடன் செல்க. குறிப்பறிக்கையைத் தமிழிற் கேட்க. அறிக்கை விளக்கப்பெற்றது என்று ஒப்பம் வாங்குவர். தமிழ்ப்படி கைக்கு வந்து, படித்துக் காட்டப்பெறுமுன் அவ்வொப்பத்தை இடவேண்டா. கடன் மறுக்கப்பெறின் மறுப்பின் கரணியத்தை எழுத்திற் பெறுக. முறையீட்டை முதலில் வைப்பகத்துக்கே எழுதுக. முப்பது நாளில் தக்க விடை வாராவிடின், சேம வைப்பகத்தின் குறைதீர்ப்பாளர்க்கு எழுதலாம், கட்டணமில்லை. தமிழ்நாட்டு உழவனின் மடலும் சண்டிகருக்குத்தான் போகவேண்டும் என்பது இந்நாட்டின் அமைப்பு! ஆயினும் எம்மொழியில் எழுதிய முறையீட்டையும் ஏற்பதாக 2021இல் அவர்களே அறிவித்துள்ளனர். எனவே தமிழிலேயே எழுதுக. மொழிபெயர்ப்பது அவர்கள் வேலை.