இழப்புக்கு யார் பொறுப்பு?

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள திருப்புட்குழியின் பெயருக்குள்ளேயே ஒரு மாற்றம் ஒளிந்திருக்கிறது. புள் என்பது பறவை. சடாயுவுக்கு இராமன் இறுதிக்கடன் ஆற்றிய இடம் இது என்பது அவ்வூரின் தலவரலாறு. புள், குழி என்னும் இரு சொற்களும் புணரும்போது ளகர மெய் டகர மெய்யாகத் திரிந்து புட்குழி என்றாகிறது. எழுத்து மாறிவிட்டது, பறவை மாறவில்லை. நாட்குறிப்பில் நாளும், முட்செடியில் முள்ளும் இவ்வாறே உருத்திரிந்தும் பொருள் திரியாமல் நிற்கின்றன. திரிபுக்கு விதி உண்டு. அவ்விதியைச் சொல்வோரும் அறிவர், கேட்போரும் அறிவர். ஆகவே அம்மாற்றம் எவரும் அறிவிக்காமலே நிகழலாம்.

கணினி நிரலிலும் தரவுகள் ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்திற்கு மாறுகின்றன. முழு எண், தசம எண்ணாகிறது. தசம எண், முழு எண்ணாகிறது. இதனை இனமாற்றம் என்பர். மொழி தானாகவே செய்துகொள்ளும் இனமாற்றம் ஒருவகை; நிரலர் வெளிப்படையாக எழுதிச் செய்விப்பது மற்றொரு வகை. இவற்றுள் எதைத் தேர்வது என்பதை வெறும் எழுத்துச் சிக்கனமாகவே பலர் கருதுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொருள் குன்றாமல் மாறும் இடத்தில் மொழியே மாற்றிக்கொள்ளட்டும். ஏதேனும் ஒன்று விடுபடக்கூடிய இடத்தில், எதை விடுவது என்பதை நிரலர் தம் கையால் எழுதியே தீரவேண்டும்.

இதனைப் பட்டு நெசவு நெடுங்காலமாகச் செய்துவருகிறது. சேலையின் கரைக்கு ஓர் அன்னத்தை வரைபவர் முதலில் தாளில் வளைகோடுகளால் வரைகிறார். அவ்வடிவம் தறிக்குச் செல்லுமுன் கட்டத்தாளில் ஏற்றப்பட வேண்டும். அங்கே ஒவ்வொரு கட்டமும் இழைகளின் கணக்கு. பாதிக் கட்டத்தை நெய்ய இயலாது. நிரப்ப வேண்டும், அல்லது வெறுமையாய் விடவேண்டும். வளைகோடு படிக்கட்டாகிறது. அன்னத்தின் கழுத்தில் ஒரு கட்டம் கூடினால் கழுத்து தடித்துவிடும். ஒன்று குறைந்தால் வளைவு முறிந்துவிடும். ஆகவே கோடு பாதியில் வெட்டிச்செல்லும் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இதை நிரப்பு, அதை விடு என்று வரைபவரே முடிவு செய்கிறார். அதன் பின்னரே ஜக்கார்டு அட்டையில் துளையிடப்படும். அட்டைக்குத் தெரிந்தவை இரண்டே: துளை உண்டு, துளை இல்லை. முடிவெடுக்கும் வேலையை அட்டையிடம் விட்டால் அன்னம் வாத்தாகிவிடும்.

தசம எண்ணை முழு எண்ணாக்கும்போது நிகழ்வதும் இதுவே. சி++ மொழியில் 81.9 என்னும் மதிப்பை முழு எண் மாறியில் இட்டால் கிடைப்பது 82 அன்று, 81. முழுதாக்குவதா, வெட்டுவதா என்று மொழி நம்மிடம் கேட்பதில்லை, வெட்டிவிடுகிறது. எங்கே மாற்றுகிறோம் என்பதும் முதன்மையானது. ஆறு பாடங்களில் 487 மதிப்பெண் பெற்றவரின் சராசரியைக் காண, 487, 6 ஆகிய இரண்டையும் முழு எண்களாகவே வகுத்தபின் விடையைத் தசமமாக மாற்றினால் 81.0 வரும். வகுக்குமுன்பே ஒன்றைத் தசமமாக்கினால்தான் 81.17 அளவில் உண்மை விடை கிட்டும். போன பின்னத்தைப் பின்னர் எழுதும் எந்த மாற்றமும் மீட்டுத்தராது.

நாட்டு மக்கள் அனைவரும் ஒருமுறை இக்கணக்கைப் போட நேர்ந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் தசம நாணய முறை நடைமுறைக்கு வந்தது. 16 அணாவாக இருந்த ரூபாய் 100 நயா பைசாவாயிற்று. ஓர் அணாவுக்கு 6¼ பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? ஓர் அணாப் பொருளை 6 பைசாவாகக் கணக்கிட்டுப் பதினாறு முறை விற்றால் விற்பவர் 4 பைசா இழப்பார். 7 என்று கொண்டால் வாங்குபவர் 12 பைசா இழப்பார். அணாவிலேயே கூட்டி முடித்து இறுதியில் ஒருமுறை மாற்றினால் எவருக்கும் இழப்பில்லை.

இதுவரை கூறியவை மதிப்பை மாற்றும் இனமாற்றங்கள். இன்னொரு வகை உண்டு. அதில் சேமிக்கப்பட்ட எண்கள் அப்படியே இருக்கும், அவற்றைப் படிக்கும் முறை மட்டும் மாறும். ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழர் இதனை நன்கறிந்திருந்தனர். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட ‘தமிழ்’ என்னும் சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்னும் உரோமன் எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தோன்றும். கோப்பில் ஒன்றும் கெடவில்லை; படித்த கண்ணாடிதான் வேறு. எழுத்துரு மாற்றி என்னும் மென்பொருள் இதற்கு நேர்மாறானது: எண்களை மாற்றிச் சொல்லைக் காக்கும். புட்குழியின் வழி அது.

சி++ மொழி இவ்விரண்டிற்கும் தனித்தனிப் பெயர் சூட்டியுள்ளது. மதிப்பை மாற்றுவது ஸ்டேட்டிக் காஸ்ட்; அதே பிட்டுகளை வேறோர் இனமாகப் படிப்பது ரீஇன்டர்பிரட் காஸ்ட். பழைய சி மொழியின் அடைப்புக்குறி முறையோ இரண்டையும் ஒரே குறியால் செய்துவிடும். எது நடந்தது என்று படிப்பவர் ஊகிக்கவேண்டும். நீளமான பெயரை எழுதச் சலிப்பவர்கள் அடைப்புக்குறியையே நாடுகிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் தாராளம்: ‘5’ என்னும் எழுத்துச்சரத்துடன் 1 என்னும் எண்ணைக் கூட்டினால் ‘51’ என்னும், கழித்தால் 4 என்னும். பைத்தான், கூட்டவும் கழிக்கவும் மறுத்துப் பிழை காட்டும். அந்த மறுப்பே எனக்கு உவப்பானது.

எனினும் வெளிப்படையாக எழுதிவிட்டால் மட்டும் போதாது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து புறப்பட்ட ஏரியான் 5 ஏவூர்தி, 40 நொடிகளுக்குள் வானில் சிதறியது. கிடைத்திசை வேகம் தொடர்பான ஒரு 64 பிட் தசம மதிப்பை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் கட்டளை அதன் நிரலில் இருந்தது. குறியுடைய 16 பிட் முழு எண்ணில் அடங்கும் பேரெண் 32,767. மதிப்பு அதனைத் தாண்டியது. இத்தகைய இடருக்குரிய ஏழு மாறிகளுள் நான்கிற்குப் பாதுகாப்பு எழுதிய பொறியாளர்கள், கணினியின் வேலைச்சுமையைக் கருதி மூன்றை அறிந்தே விட்டிருந்தனர். முந்தைய ஏரியான் 4 பறந்த பாதையில் அந்த மதிப்புகள் எல்லை மீற வழியில்லை. அவர்கள் கணக்கு அங்கே சரியாகவே இருந்தது. நிரல் புதிய ஊர்திக்கு அப்படியே எடுத்தாளப்பட்டது. மாற்றுக் கணினியும் அதே நிரலையே இயக்கியதால் அதே பிழையில் நின்றது. பாதுகாப்பைத் தவிர்த்ததற்கான காரணம் மூல நிரலில் நேரடியாக எங்கும் குறிக்கப்பட்டிருக்கவில்லை என்று விசாரணைக் குழு பதிவு செய்தது.