26இல் ஆலை வாயில், 29இல் பாட்டு மேடை

கன்னட இசையமைப்பாளர் சி. அஸ்வத் 1939 டிசம்பர் 29 அன்று ஹாசன் மாவட்டத்துச் சன்னராயப்பட்டணத்தில் பிறந்தார். 2009 டிசம்பர் 29 அன்று, தமது எழுபதாம் பிறந்த நாளிலேயே, பெங்களூருவில் காலமானார். கவிஞர் குவெம்பு பிறந்ததும் இதே தேதியில்தான், ஆண்டு 1904. அவருடைய கவிதைகளுக்கு மெட்டமைத்துக் கன்னட மக்களின் செவிக்குக் கொண்டு சேர்த்தவர்களுள் அஸ்வத் முதன்மையானவர். ஆகவே ஆண்டின் கடைசி வாரம் வந்துவிட்டால், பெங்களூருவின் கலையரங்குகளில் இருவருக்கும் சேர்த்தே விழா எடுக்கப்படுகிறது. குவெம்புவின் பிறந்த நாளைக் கர்நாடக அரசு 2015 முதல் 'விஸ்வமானவ தினம்' என்று கொண்டாடி வருகிறது. மாலை அணிவித்தல், விளக்கேற்றல், அமைச்சர் உரை, பிறகு பாட்டு.

இந்த மேடைகளில் அஸ்வத்தைப் பற்றிப் பலவும் பேசப்படுகின்றன. சிசுநாள ஷெரீபின் பாடல்களை அவர் பாடிய விதம், கே.எஸ். நரசிம்மசுவாமியின் 'மைசூரு மல்லிகே' கவிதைகளுக்கு அமைத்த மெட்டு, 2005இல் அரண்மனை மைதானத்தில் நடத்திய 'கன்னடவே சத்யா' நிகழ்ச்சி எல்லாம் நினைவுகூரப்படுகின்றன. அவர் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் என்னும் ஐ.டி.ஐ. ஆலையில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவர் என்பதோ, சொல்லப்பட்டால், ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. பிழைப்புக்கு ஒரு வேலை, கலைக்கு ஒரு வாழ்வு என்பதுபோல.

அந்த ஒரு வரியில்தான் இந்த நகரத்தின் வரலாறு அடங்கியிருக்கிறது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொதுத்துறை நிறுவனம் என்று சொல்லப்படும் ஐ.டி.ஐ. 1948இல் தொடங்கப்பட்டது. அது நிற்கும் இடத்திற்குத் தூரவாணி நகர் என்று பெயர்; கன்னடத்தில் 'தூரவாணி' என்றால் தொலைபேசி. எச்.ஏ.எல்., எச்.எம்.டி., பி.இ.எல்., பி.இ.எம்.எல். ஆகியவற்றோடு சேர்ந்து அந்த ஆலை ஒரு புதிய பெங்களூருவைக் கட்டியது. கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், உருது என ஐந்து மொழிகள் ஒரே பட்டறையில் ஒலித்தன. ஒரு பகல்நேர ஊழியர் மாலையில் தம்பூராவின் முன் அமர முடிந்ததற்கு நிரந்தர வேலை, வரையறுக்கப்பட்ட வேலைநேரம், நிச்சயமான ஊதியம் ஆகியவை காரணம். அவற்றைத் தொழிலாளர்கள் போராடிப் பெற்றார்கள். கலைஞனின் மேதைமையைப் போற்றுபவர்கள் அந்த எட்டு மணி நேரத்தைப் போற்ற மறந்துவிடுகிறார்கள்.

அதே கடைசி வாரத்தில் மற்றொரு தேதியும் இருக்கிறது. 1980 டிசம்பர் 26 அன்று மேற்சொன்ன ஐந்து நிறுவனங்களின் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பி.எச்.இ.எல். நிறுவனத்தில் கையெழுத்தான ஊதிய ஒப்பந்தத்துக்கு இணையான ஊதியம் வேண்டும் என்பது அவர்களின் மையக் கோரிக்கை. மத்தியில் இந்திரா காந்தி அரசு, மாநிலத்தில் குண்டுராவ் அரசு. இரண்டும் இறங்கி வரவில்லை. 77 நாட்கள் ஆலைகள் மூடிக்கிடந்தன. 1981 மார்ச்சில், கேட்ட சமத்துவம் கிடைக்காமலேயே, தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். இந்தியப் பொதுத்துறையின் வரலாற்றில் மிகப் பெரிய போராட்டங்களுள் ஒன்றான அதற்கு இன்று பெங்களூருவில் ஒரு நினைவுக்கல் கூட நாட்டப்படவில்லை. டிசம்பர் 26 அன்று எந்த அமைச்சரும் விளக்கேற்றுவதில்லை. அவர்கள் ஏற்ற வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கும் இல்லை. இடதுசாரி இயக்கமே அந்தத் தேதியை எத்தனை ஆண்டுகள் முறையாக நினைவுகூர்ந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அந்தத் தோல்வியை வெறும் ஊதியப் பேரத்தின் தோல்வியாகப் படிப்பது போதாது. அதன்பின் ஓராண்டு கழிந்தது. 1982இல் கோகாக் அறிக்கையை நிறைவேற்றக் கோரி நடிகர் ராஜ்குமார் தலைமையில் பெரும் இயக்கம் எழுந்தது. பள்ளிகளில் கன்னடத்திற்கு முதலிடம் வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. கர்நாடகத்தில் கன்னடம் ஆட்சிமொழியாகவும் கல்விமொழியாகவும் இருக்க வேண்டும் என்பதில் எந்த ஜனநாயகவாதிக்கும் மாறுபாடு இருக்க இயலாது. தமிழ்நாட்டில் தமிழுக்காக அதையே கேட்டவர்கள் இங்கே அதை மறுக்க எந்த நியாயமும் இல்லை. ஆனால் நேற்றுவரை செங்கொடியின் கீழ் திரண்டிருந்த பொதுத்துறை ஆலைகளில் கன்னடச் சங்கங்கள் வேகமாக வளர்ந்தன. தொழிற்சங்கம் விட்ட இடத்தில் அவை நின்றன. நியாயமான ஒரு மொழிக் கோரிக்கையைத் தொழிலாளி வர்க்கத்தின் கோரிக்கையாக முன்கூட்டியே கையில் எடுக்க வேண்டியவர்கள், ஊதிய அட்டவணையோடு தங்கள் கடமை முடிந்ததாகக் கருதினார்கள். வேலைநிறுத்தத்தின்போது நகரத்தின் பெரும்பகுதி, உயர்ந்த சம்பளம் வாங்குவோரின் சண்டை இது என்று ஒதுங்கி நின்றதும் இதே குறையின் மறுபக்கம்தான். குடிசைப் பகுதியில் வாழ்ந்த முறைசாராத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இடையே ஒரு பொது மொழி, ஒரு பொதுப் பாட்டு உருவாகியிருக்கவில்லை.

விலை பின்னர் கொடுக்கப்பட்டது. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி வெடித்த கலவரத்தில், பெங்களூருவின் குடிசைப் பகுதித் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். உயிர்கள் போயின. பல்லாயிரம் பேர் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டு ஓடினார்கள். 1994 அக்டோபரில் தூர்தர்ஷன் உருதுச் செய்தி ஒளிபரப்பத் தொடங்கியபோது அடி வாங்கியவர்கள் முஸ்லிம்கள். இரண்டு முறையும் கல் விழுந்தது ஏழைகளின் கூரைமீது. வசதி படைத்த தமிழரோ, வணிகம் நடத்தும் உருதுக்காரரோ ஓட நேரவில்லை.

இந்தப் பின்னணியில்தான் குவெம்பு யார் என்பதைத் தமிழ்த் தோழர்கள் அறிந்திருப்பது அவசியமாகிறது. தமிழ்நாட்டில் அவர் ஞானபீட விருது பெற்ற பெரிய கவிஞர் என்ற அளவில் அறியப்பட்டிருக்கிறார், அதற்குமேல் இல்லை. மலைநாட்டின் குப்பளி கிராமத்தில் வளர்ந்த, சூத்திரர் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பிலிருந்து வந்த அந்த மனிதர் 'சூத்ர தபஸ்வி' என்றொரு நாடகம் எழுதினார். தவம் செய்ததற்காகச் சம்பூகனை இராமன் கொன்றான் என்னும் பழங்கதையை அவர் தலைகீழாக்கினார். அவருடைய நாடகத்தில் இராமனின் அம்பு சம்பூகனைத் தொடுவதில்லை. சூத்திரனைக் கொல்லச் சொன்ன அந்தணனையே துரத்துகிறது. இறுதியில் அந்தணன் சம்பூகனை வணங்க வேண்டியதாகிறது. புரோகிதர் இல்லாத, வரதட்சிணை இல்லாத, ஆடம்பரம் இல்லாத 'மந்திர மாங்கல்ய'த் திருமணத்தை முன்வைத்தவரும் அவரே. சுயமரியாதைத் திருமணத்தை அறிந்த தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு குழந்தையும் உலக மனிதனாகவே பிறக்கிறது, பிறகு சாதியும் மதமும் அதைச் சிறு மனிதனாகக் குறுக்கிவிடுகின்றன என்பது அவருடைய விஸ்வமானவக் கருத்தின் சாரம். கணியன் பூங்குன்றனாரைப் படித்த காதுக்கு இது அந்நியமாக ஒலிக்காது.

டிசம்பர் 25ஐ ஒன்றிய அரசு 2014 முதல் 'நல்லாட்சி தினம்' ஆக்கிவிட்டது. 1927இல் அதே நாளில் மகாட் நகரில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 1968இல் அதே நாள் இரவில் கீழ்வெண்மணியில் 44 தலித் விவசாயத் தொழிலாளர்கள், பெண்களும் குழந்தைகளும் உள்பட, ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். அவர்கள் கேட்டது கூடுதலாகச் சிறிது நெற்கூலி. 25இல் மகாட்டும் வெண்மணியும், 26இல் வேலைநிறுத்தம், 29இல் சம்பூகனை நிமிர்த்திய கவிஞர். இவை தற்செயலாகச் சேர்ந்த தேதிகள்தான்; கிழமையில் மகிமை தேடுவது பஞ்சாங்கக்காரரின் வேலை. எனினும் எந்தத் தேதியை எதன் பெயரால் அழைப்பது என்பதில் ஆளும் வர்க்கம் காட்டும் அக்கறையில் தற்செயல் ஏதுமில்லை.

கர்நாடகத்தின் மாநிலப் பாடலின் கதையைப் பார்த்தாலே போதும். குவெம்பு எழுதிய அந்தப் பாடல் 2004இல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. இந்து, கிறித்தவர், முஸ்லிம், பார்சி, ஜைனர் என்று பெயர் சொல்லி, எல்லோருக்குமான அமைதித் தோட்டம் இந்த நாடு என்கிறது அது. கன்னடத்தில் 'தோட' என்ற சொல். தமிழில் மொழிபெயர்க்க ஒன்றுமில்லை, தோட்டம்தான். அதை எந்த மெட்டில் பாடுவது என்ற வழக்கு நெடுங்காலம் நீடித்தது: மைசூரு அனந்தசுவாமியின் மெட்டா, அஸ்வத்தின் மெட்டா? 2022இல் பாஜக அரசு அனந்தசுவாமியின் மெட்டைத் தேர்ந்தெடுத்து, 2 நிமிடம் 30 விநாடிக்குள் பாடி முடிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. இசை அறிந்தோர் அதுபற்றி வாதிடட்டும். அதே 2022இல், அதே ஆட்சியின்கீழ், ஹிஜாப் அணிந்த மாணவியர் கல்லூரி வாயிலில் தடுக்கப்பட்டார்கள். கோயில் திருவிழாக்களில் முஸ்லிம் வியாபாரிகள் கடை போடக்கூடாது என்று பதாகைகள் எழுந்தன. பாடநூல் திருத்தத்தில் குவெம்பு அவமதிக்கப்பட்டதாக மாநிலமெங்கும் எதிர்ப்புக் கிளம்ப, தேவனூர் மகாதேவ போன்ற எழுத்தாளர்கள் தங்கள் பாடங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பாட்டின் விநாடிகளை அளந்தவர்கள், பாட்டில் சொல்லப்பட்ட தோட்டத்தின் வேலியை உள்ளிருந்தே பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

சிசுநாள ஷெரீப் 19ஆம் நூற்றாண்டின் முஸ்லிம் ஞானி. கோவிந்த பட்டர் என்னும் அந்தணரைக் குருவாகக் கொண்டவர். அவருடைய பாடல்களைக் கிராமத்து ஏக்தாரியிலிருந்து நகரத்து ஒலிநாடாவுக்குக் கொண்டுவந்தவர் அஸ்வத். 1990இல் வெளிவந்த 'சந்த சிசுநாள ஷரீபா' திரைப்படத்துக்கு இசையமைத்தவரும் அவரே. படம் தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருதைப் பெற்றது. அதே வாரத்தில் வேறிரண்டு பிறந்த நாட்களும் வருகின்றன: டிசம்பர் 24 முகமது ரஃபி, 25 நௌஷாத். பெங்களூருவின் மெல்லிசைக் குழுக்கள் ரஃபியின் பாடல்களை ஆண்டுதோறும் பாடுகின்றன. 1952இல் வந்த 'பைஜு பாவ்ரா' படத்தின் புகழ்பெற்ற அரி பக்திப் பாடலை எழுதியவர் ஷகீல் பதாயூனி, இசையமைத்தவர் நௌஷாத், பாடியவர் ரஃபி. மூவரும் முஸ்லிம்கள். திருவிழாவில் முஸ்லிமின் வளையல் கடைக்கு இடமில்லை என்பவரின் வீட்டுப் பூசையறையிலும் அந்தப் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கலாம்.

இனிக் கட்சியின் நாட்காட்டிக்கு வரவேண்டும். 1925 டிசம்பர் கடைசி வாரத்தில் கான்பூரில் கூடிய கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் சென்னையின் சிங்காரவேலர். தமிழ்த் தோழர்கள் இதைப் பெருமிதத்தோடு நினைவுகூர்கிறார்கள். வெண்மணி தியாகிகளுக்கு வீரவணக்கம் செலுத்துகிறார்கள். பெங்களூருவில் வாழும் தமிழ்த் தோழர்களும் அப்படியே. ஆனால் இந்த நினைவுதினங்கள் பெரும்பாலும் தமிழில் தொடங்கித் தமிழில் முடிகின்றன. அடுத்த தெருவில் குவெம்பு விழா நடக்கிறது. அது அவர்களுடைய விழாவாகக் கருதப்படுகிறது. நாற்பது ஆண்டுகள் ஒரே ஆலையில் பக்கத்துப் பக்கத்து எந்திரத்தில் நின்றவர்கள் டிசம்பர் கடைசி வாரத்தில் மட்டும் தனித்தனி மண்டபங்களுக்குப் பிரிந்து போகிறார்கள். மொழிவெறியர்களைக் குறைகூறுவது எளிது. இந்தப் பிரிவினையில் இடதுசாரிகளுக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்வதுதான் கடினம்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. வெண்மணி நாளின் துண்டறிக்கை பெங்களூருவில் கன்னடத்திலும் வரவேண்டும். 44 பேரின் பெயர்களையும் ஒரு கன்னடத் தோழர் மேடையில் வாசிக்க வேண்டும். 'சூத்ர தபஸ்வி' தமிழ்க் கிளைகளின் படிப்பு வட்டத்துக்கு வரவேண்டும். சிறிய நாடகம், ஓரிரு மாலைகளில் படித்து விவாதித்துவிடலாம். தலித் இயக்க ஊர்வலங்களில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் முழங்கிய சித்தலிங்கையாவின் பாடல்களைத் தமிழ் இளைஞர்கள் கன்னடத்திலேயே பாடப் பழக வேண்டும். கவிஞர் பிற்காலத்தில் சட்டமேலவைக்குப் போனார் என்பதற்காக ஊர்வலத்தில் பிறந்த பாட்டைக் கைவிட வேண்டியதில்லை. குவெம்பு விழாவை அரசிடமும் சாதிச் சங்கங்களிடமும் விட்டுவிடாமல், தொழிற்சங்கங்களே ஆலைப் பகுதிகளில் நடத்த வேண்டும்.

எச்.எம்.டி. கைக்கடிகார ஆலையை மூட ஒன்றிய அமைச்சரவை 2016இல் முடிவெடுத்தது. ஐ.டி.ஐ. இன்று பழைய ஆலையின் நிழல். 2021 டிசம்பர் 1 அன்று அதே ஐ.டி.ஐ. வாயிலில் 80 ஒப்பந்தத் தொழிலாளர்கள் உள்ளே விடப்படாமல் நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் பலர் அங்கே ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர்கள். சங்கம் அமைத்ததற்கான பழிவாங்கல் இது என்றது தொழிற்சங்கம். அவர்கள் வாயிலுக்கு வெளியே பந்தலிட்டு அமர்ந்தார்கள். அந்த ஆண்டின் கடைசி வாரமும் அங்கேயே கழிந்தது. 1980இல் வேலைநிறுத்தம் தொடங்கிய தேதியும், அதே ஆலையில் 27 ஆண்டுகள் வேலை பார்த்த பாடகரின் பிறந்த நாளும் அவர்கள் அங்கு அமர்ந்திருந்தபோதே வந்து போயின. அடுத்த டிசம்பர் 29 அன்று, பெங்களூருத் தோழர்கள் அஸ்வத் பாடிய ஷெரீப் பாடல்களைக் கலையரங்கில் போய்க் கேட்பதற்குப் பதிலாக, வேலை விடும் நேரத்தில் தூரவாணி நகர் வாயிலில் ஓர் ஒலிபெருக்கி கட்டிப் பாடலாம். 77 நாள் வேலைநிறுத்தத்தில் பங்கேற்று இன்றும் அந்தப் பகுதியில் வாழும் முதியவர்களை அதற்கு அழைக்கலாம்.