பதிவேட்டில் அடங்காத மலைப்பாம்பு

புது தில்லி: பாங்காக்கிலிருந்து 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்துக்கு வந்து, உரிமை கோர ஆளின்றிக் கிடந்த பைகளைச் சுங்கத் துறையினர் திறந்து பார்த்தபோது, உள்ளே 45 மலைப்பாம்புகள் இருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் பெங்களூரு விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் 55 மலைப்பாம்புகளும் 17 ராஜநாகங்களும் உயிருடன் சிக்கின. உடன் அடைக்கப்பட்டிருந்த 6 கபுசின் குரங்குகள் இறந்துகிடந்தன. இவ்விரு இடங்களிலும் பிடிபட்ட மலைப்பாம்புகள் ஒரே இனத்தவை. மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளைச் சேர்ந்த அந்த இனத்துக்கு 'பால் பைதான்' என்று பெயர். அஞ்சினால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் என்பதால் அமைந்த பெயர் அது.

விமான நிலையத்தில் பிடிபட்டதோடு செய்தி முடிந்துவிடுகிறது. ஆனால் பிடிபடாமல் வீடு சேரும் பாம்பு பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது, அந்தமான் நிகோபார் போன்ற தீவுக் கூட்டத்துக்கு அந்தச் சட்டம் போதுமா என்ற கேள்வி தலைநகரில் அதிகம் எழுப்பப்படுவதில்லை.

மரபணுவுக்கு விலை

இந்தப் பாம்பு நஞ்சற்றது. நான்கைந்து அடிக்கு மேல் பெரும்பாலும் வளராது. கையில் எடுத்தால் சாதுவாக இருக்கும். ஆனால் சந்தையில் அதன் விலையைத் தீர்மானிப்பது இக்குணங்கள் அல்ல, தோலின் நிறம். 1990-களில் அமெரிக்காவில் வெளிறிய நிறமுள்ள பாம்புகளைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்வதில் வெற்றி கண்ட பிறகு, 'மார்ஃப்' எனப்படும் நிற வகைகள் பெருகின. சில வகைகளைப் பார்த்த உடனே அடையாளம் காணலாம். 'எல்லோ பெல்லி' போன்ற சில வகைகளோ அப்படியல்ல. வயிற்றோரத்தில் சிறிது மஞ்சள், விலாப்புறத்தில் மெல்லிய நிற வேறுபாடு, அவ்வளவே. பழகாத கண்ணுக்கு அது சாதாரணப் பாம்புதான். ஆனால் அத்தகைய இரண்டை இணை சேர்த்தால், பிறக்கும் குட்டிகளில் நான்கில் ஒன்று வெண்ணிறமாக இருக்கும் வாய்ப்பு உண்டு. வாங்குபவர் பணம் தருவது கண்ணுக்குத் தெரியாத அந்த மரபணுவுக்கே. இந்த நுட்பம்தான் சட்டத்தின் பலவீனத்தையும் காட்டிக்கொடுக்கிறது.

நீண்ட காலம் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிநாட்டு விலங்குகளைக் கண்டுகொள்ளாமலே இருந்தது. நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பது குற்றம். ஆப்பிரிக்க மலைப்பாம்பை வைத்திருந்தால் கேட்பாரில்லை. 2020 ஜூனில் மத்திய அரசு, ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து அறிவிப்போரிடம் ஆவணம் கேட்கப்படாது என்று அறிவித்தது. பின்னர் 2021 டிசம்பரில் மக்களவையில் திருத்த மசோதா தாக்கலாகி, ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நிலைக்குழுவின் ஆய்வுக்குச் சென்றது. 2022 ஆகஸ்டில் மக்களவையும் டிசம்பரில் மாநிலங்களவையும் அதை நிறைவேற்றின. 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இதன்படி, உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டீஸ்' உடன்படிக்கையில் இடம்பெற்ற இனங்கள் நான்காம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பால் பைதானும் அவற்றுள் ஒன்று. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகள், இவ்விலங்குகளை வைத்திருப்போர் 'பரிவேஷ்' இணையதளம் வழியாகப் பதிவு செய்ய ஆறு மாத அவகாசம் அளித்தன. பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டும்.

இது முன்னேற்றமே, மறுப்பதற்கில்லை. ஆனால் பதிவு என்பது தடை அல்ல. பதிவு பெற்ற பெண் பாம்பு ஒரு முறையில் சில முட்டைகள் இடும். பெட்டியில் கடத்தி வரப்பட்ட குட்டியை, அந்த முட்டையில் பிறந்தது என்று உரிமையாளர் எழுதிக்கொடுத்தால் மறுப்பது எப்படி? நிறத்தைப் பார்த்துத் தாய் சேய் உறவை முடிவு செய்ய இயலாது. வளர்ப்போரே கூர்ந்து நோக்கி அடையாளம் காணும் நிற வகையை, பல வேலைகளுக்கிடையே ஆய்வுக்கு வரும் வனத்துறை அலுவலர் எப்படிக் கண்டறிவார்? மரபணுச் சோதனை இல்லாத பதிவேடு, கடத்தல் சரக்குக்குச் சான்றிதழ் வழங்கும் இடமாக மாறிவிடக் கூடும்.

தீவின் கணக்கு வேறு

பெருநிலப்பரப்பில் இது சட்ட ஒழுங்குப் பிரச்சினை. தீவில் இது வாழ்வா சாவா என்ற பிரச்சினை. அந்தமான் நாகம், அந்தமான் கட்டுவிரியன் போன்ற பாம்புகள் உலகில் வேறெங்கும் இல்லை. நிகோபாரில் வலைவடிவ மலைப்பாம்பு வாழ்கிறது. வளர்ப்புப் பால் பைதான்களிடையே சுவாச நோயை உண்டாக்கும் வைரஸ் ஒன்று 2014-இல் கண்டறியப்பட்டது. அமெரிக்காவின் புளோரிடாவில், வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டுக் காட்டில் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் தம்முடன் ஆசிய நுரையீரல் ஒட்டுண்ணியையும் கொண்டுவந்தன. அது உள்ளூர்ப் பாம்புகளுக்கும் பரவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சரக்குகளோடு குவாம் தீவுக்கு வந்துசேர்ந்த பழுப்பு மரப்பாம்பு, அங்குள்ள காட்டுப் பறவை இனங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது.

அந்தமானுக்கே இந்த அனுபவம் புதிதல்ல. ஆங்கிலேயர் கொண்டுவந்துவிட்ட புள்ளிமான், வேட்டையாடும் விலங்கு இல்லாததால் தீவுதோறும் பெருகிக் காட்டின் இளங்கன்றுகளை மேய்கிறது. மீன் குஞ்சுகளோடு கலந்து வந்ததாகக் கருதப்படும் இந்தியப் பெருந்தவளை, இந்த நூற்றாண்டில் தீவுகளில் வேகமாகப் பரவியது. அதன் தலைப்பிரட்டைகள் உள்ளூர்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்கின்றன.

சட்டத்தின் மற்றொரு ஓட்டை இங்கேதான் தெரிகிறது. திருத்தச் சட்டம் 'ஊடுருவும் அயல் இனம்' என்பதற்கு, இந்தியாவைத் தாயகமாகக் கொள்ளாத இனம் என்று பொருள் கூறுகிறது. புள்ளிமானுக்கும் பெருந்தவளைக்கும் தாயகம் இந்தியா. ஆகவே தீவுக்கு அந்நியமாயினும் சட்டத்தின் பார்வையில் அவை அயல் அல்ல. தில்லியிலிருந்து வரைபடத்தைப் பார்ப்போருக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல் கண்ணில் படவில்லை போலும்.

இதனிடையே கதவுகள் அகலத் திறக்கின்றன. இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில் 2023 ஜூலையில் புதிய விமான முனையம் திறக்கப்பட்டது. 2024 நவம்பரில் கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானச் சேவை தொடங்கியது. 2023 ஜூலையில் திருச்சிக்கு 47 மலைப்பாம்புகளுடன் ஒரு பயணி வந்திறங்கியதும் அதே கோலாலம்பூரிலிருந்துதான். கிரேட் நிகோபாரில் பெரிய துறைமுகமும் விமான நிலையமும் அமைக்கும் திட்டத்துக்கு 2022-லேயே சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டுவிட்டது.

பாம்பு வளர்ப்போர் தரப்பிலும் வாதம் உண்டு. பர்மிய மலைப்பாம்பு போல பால் பைதான் எங்கும் பெரும் கேடு விளைவித்ததில்லை. முறையாகப் பதிவு செய்தவரைத் தண்டிப்பது நியாயமன்று. முழுத் தடை வந்தால் வர்த்தகம் மறைவிடத்துக்குப் போகும் என்கின்றனர். பெருநிலப்பரப்பைப் பொறுத்தவரை இவை கவனிக்கத்தக்க வாதங்களே. தீவுக்கு இவை பொருந்தா. 2020-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில், பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆண் துணையின்றி இருந்த, குறைந்தது 62 வயதுடைய பால் பைதான் 7 முட்டைகள் இட்டது. ஒற்றைப் பாம்பு தப்பினாலும் தனித்து மடிந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. 'இதுவரை கேடில்லை' என்பது கேடு வந்தபின் திருத்திக்கொள்ள வழியுள்ள இடத்தில் சொல்லத்தக்க சொல். தீவில் அழிந்த இனம் மீண்டும் வராது.

வழி இல்லாமல் இல்லை. அதே திருத்தச் சட்டத்தின் 62ஏ பிரிவு, அயல் இனங்களின் இறக்குமதி, வர்த்தகம், வைத்திருத்தல், பெருக்கம் ஆகியவற்றைத் தடை செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. அதைத் தீவுகளுக்கென்று தனியாகப் பயன்படுத்தலாம். அரசியல் சாசனத்தின் 240-ஆவது பிரிவு, அந்தமான் நிகோபாருக்கென ஒழுங்குமுறைச் சட்டம் பிறப்பிக்கக் குடியரசுத் தலைவருக்கு உரிமை தருகிறது. பழங்குடியினரைக் காக்க 1956-இல் பிறப்பிக்கப்பட்ட ஒழுங்குமுறைச் சட்டமே முன்னுதாரணம். அதே வழியில், பெருநிலப்பரப்பிலிருந்து வரும் விலங்கையும் தீவுக்கு அயல் என்று வரையறுக்கலாம். சென்னை, விசாகப்பட்டினம், கொல்கத்தாவிலிருந்து செல்லும் கப்பல்களிலும் விமானங்களிலும் உயிருள்ள விலங்குகளுக்கான சோதனையைக் கட்டாயமாக்கலாம்.

அந்தமான் நிகோபாருக்குச் சட்டப்பேரவை இல்லை. மக்களவையில் இருப்பது ஒரே ஓர் உறுப்பினர். அங்குள்ள காட்டுக்கும் மக்களுக்கும் சட்டம் இயற்றும் பொறுப்பு நாடாளுமன்றத்தையும் மத்திய அரசையும் சார்ந்தது. கப்பலேறிப் போன தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கே வேர்விட்டிருக்கையில், தமிழக உறுப்பினர்களும் இதைத் தங்கள் கேள்வியாக எடுத்துக்கொள்வதில் தவறில்லை. முதல் பாம்பு காட்டுக்குள் நழுவிய பின் அவையில் எழுப்பப்படும் கேள்விக்கு, எந்த அமைச்சராலும் பயனுள்ள பதில் சொல்ல இயலாது.